பட்டன் எங்கே போச்சு?

ஆபீஸ் சாஃப்ட்வேர், வங்கி ஆப், அரசுத் தளம் என்று எதைத் திறந்தாலும் முகப்பு மாறியிருக்கிறது என வாசகர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். இந்த முறை பதில்கள் முழுக்க டேஷ்போர்டு பற்றியே.

திங்கட்கிழமை காலை லாகின் செய்தால் எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரின் டேஷ்போர்டு அடியோடு மாறியிருக்கிறது. தினமும் தட்டும் ‘டே ரிப்போர்ட்’ பட்டனைத் தேடியே காலைப் பொழுது போய்விட்டது. எனக்கு வயசாகிவிட்டதா?
– பில்லிங் ஊழியர், ஈரோடு

வயசாகவில்லை, பட்டன்தான் நகர்ந்திருக்கிறது. தினமும் ஒரே இடத்தில் தட்டுகிற பட்டனை யாரும் படித்துப் பார்த்துத் தட்டுவதில்லை. மவுஸை எங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று கைக்கே தெரியும். அந்தப் பழக்கம்தான் ஒரே ராத்திரியில் செல்லாமல் போயிருக்கிறது. பழைய திரையில் பழகிய இருபது வயதுப் பையனை உட்கார வைத்தாலும் இதே பாடுதான் படுவான்.

இப்போதைக்கு மேல் மூலையில் மூன்று கோடு போட்ட மெனு இருக்கிறதா பாருங்கள். காணாமல் போகும் பட்டன்கள் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும். தேடல் கட்டம் இருந்தால் ‘ரிப்போர்ட்’ என்று அடித்துப் பாருங்கள். கிடைத்ததும், பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அழுத்தி முகப்பிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

குறை சொன்னால், “மாற்றத்துக்குப் பழகுங்கள்” என்கிறார் மேனேஜர்.
– எழுத்தர், தஞ்சாவூர்

நாதஸ்வரத்தின் துளைகளை இடம் மாற்றிப் போட்டுவிட்டு வித்வானைப் பார்த்து ‘பழகுங்கள்’ என்று உங்கள் ஊரில் யாராவது சொல்வார்களா? உங்கள் கையிலிருந்து போனது பல வருஷம் உழைத்துச் சேர்த்த வேகம். அது தொழில்திறன். திறன் பறிபோனவரிடம் மனப்பான்மையைப் பற்றிப் பாடம் எடுப்பது நியாயமே இல்லை. மேனேஜரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மாற்றத்துக்கு முன்னால் ஒரு வவுச்சர் போட எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு ஆகிறது? அந்த எண் அவரிடம் இல்லையென்றால், இந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்று அவருக்கும் தெரியாது.

நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன்தான் மாற்றுகிறார்கள்?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

நல்ல காரணமும் உண்டு. மைக்ரோசாஃப்ட் வேர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிப்பிலும் வசதிகளைச் சேர்த்துச் சேர்த்து, 2003 பதிப்பில் டூல்பார்களே முப்பதைத் தாண்டிவிட்டன. பயனாளர்கள் புதிதாகக் கேட்ட வசதிகளில் பல, உள்ளே ஏற்கெனவே இருந்தவை. எங்கே இருக்கின்றன என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அதனால் 2007-இல் மெனுக்களை எடுத்துவிட்டு ‘ரிப்பன்’ என்ற அகலப் பட்டையைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அதைத் திட்டாத அலுவலகம் இல்லை. இன்றைக்கு உங்கள் வயதுக்காரர்களுக்கு ரிப்பன் இல்லாத வேர்டைத் தெரியவே தெரியாது. பழையது உண்மையிலேயே நிரம்பி வழிந்தது, ஆகவே அந்த மாற்றத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

கெட்ட காரணமும் உண்டு, அதுதான் இப்போது அதிகம். ஆபீஸ் சாஃப்ட்வேரை வாங்குகிறவர் ஒருவர், அதில் நாள் முழுக்க உட்கார்கிறவர் இன்னொருவர். வாங்குகிறவருக்கு அரைமணி நேரம் செய்து காட்டும்போது பெரிய பெரிய வரைபடங்களும் வட்டங்களும் பளிச்சென்று இருக்க வேண்டும். உட்கார்கிறவருக்கோ நிலுவைப் பட்டியலும் ‘புதிய என்ட்ரி’ பட்டனும் இருந்தால் போதும். முகப்பை நிரப்பியிருக்கும் வட்டங்களை உங்கள் அலுவலகத்தில் யார் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்தத் திரை யாருக்காக வரையப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

அப்படியானால் பழைய திரையே மேல் என்று சொல்லிவிடலாமா?
– வங்கி அதிகாரி, கோயம்புத்தூர்

கூடாது, உங்கள் துறையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிட்டி வங்கி, ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்காக சுமார் 78 லட்சம் டாலர் வட்டியை மட்டும் அனுப்ப வேண்டியிருந்தது. போனது ஏறக்குறைய 90 கோடி டாலர், அதுவும் வங்கியின் சொந்தப் பணம். அசல் தொகை வெளியே போகாமல் உள்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒன்றை நிரப்பினால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பரிமாற்றம் அது. அவர்களில் இருவர் இந்தியாவில் இருந்த ஒப்பந்த ஊழியர்கள். ஆறு கண்கள் பார்த்தும் அந்தத் திரை ‘இவ்வளவு பணம் வெளியே போகப்போகிறது’ என்று புரியும்படி சொல்லவில்லை. சுமார் 50 கோடி டாலரை, ரெவ்லானுக்குக் கடன் கொடுத்திருந்தவர்கள் திருப்பித் தர மறுத்தார்கள். 2021-இல் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில்தான் மேல்முறையீட்டில் அது மாறியது.

பழகிய திரையும் ஆபத்தானதாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அப்படிப்பட்ட திரையை மாற்றத்தான் வேண்டும். வட்டி அனுப்பும் பக்கம் பழசாக இருந்தால் அதைத் திருத்துங்கள். வட்டியோடு சம்பந்தமே இல்லாத லாகின் பக்கத்துக்கு ஊதா நிறம் பூசுவதால் யாருக்கு என்ன பயன்?

எங்கள் சேலை விற்பனைத் தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் டேஷ்போர்டு மாறிய பிறகு, எண்களே வேறு மாதிரி இருக்கின்றன. வியாபாரம் குறைந்துவிட்டதா?
– ஆன்லைன் விற்பனையாளர், சின்னாளப்பட்டி

முதலில் பில் புத்தகத்தைப் பாருங்கள். விற்பனை அப்படியே இருந்தால், மாறியது அளக்கும் முறை. நீங்கள் கூகுள் அனலிட்டிக்ஸைச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பதில் தருகிறேன். அதன் பழைய பதிப்பு 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு சாதாரணக் கணக்குகளுக்குத் தரவு சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. பழையது, ஒருவர் வந்துபோன ஒரு முறையை ஒரு கணக்காக வைத்து எண்ணியது. புதியதில் பக்கம் திறப்பது, கீழே இறங்குவது, பட்டன் தட்டுவது எல்லாமே தனித்தனி நிகழ்வுகள். ‘பவுன்ஸ் ரேட்’ என்று ஒரு சதவீதம் பார்த்திருப்பீர்கள். முன்பு, ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு வேறெதையும் தொடாமல் போனவர் எவ்வளவு நேரம் படித்திருந்தாலும் அதில் சேர்ந்தார். இப்போது பத்து விநாடிக்கு மேல் இருந்தாலே அவர் ஈடுபாட்டோடு வந்தவர். ஆகவே அந்தச் சதவீதம் இறங்கியதற்காகச் சந்தோஷப்படவும் வேண்டாம், வேறு எண் குறைந்ததற்காகப் பயப்படவும் வேண்டாம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே வரைபடத்தில் ஒட்டாதீர்கள்.

டேஷ்போர்டு மாற்றங்களில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த வகையில்தான். பட்டன் இடம் மாறினால் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அதே பெயரில் இருக்கும் எண் வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்தால், நம்பிய சிறு வியாபாரி தப்பான முடிவெடுப்பார். அந்த எண்ணின் பக்கத்திலேயே, எந்தத் தேதியிலிருந்து எப்படி அளக்கிறோம் என்று ஒரு வரி எழுதி வைப்பதுதான் குறைந்தபட்ச நேர்மை.

எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்டால் பழையபடி மாற்றுவார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

சில சமயம். 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் ‘நியூஸ் ஃபீட்’ கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து ஃபேஸ்புக்குக்குள்ளேயே குழு அமைத்து லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். நிறுவனர் மன்னிப்புக் கேட்டு, யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடுகளைக் கொடுத்தார். ஆனால் ஃபீட் போகவில்லை, இன்றைக்கும் அதுதான் முகப்பு.

2018-இல் ஸ்னாப்சாட் திரையை மாற்றியதும் 12 லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். நிறுவனம் முதலில் அசையவில்லை. அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் தினசரிப் பயனாளர் எண்ணிக்கை 19.1 கோடியிலிருந்து 18.8 கோடிக்கு இறங்கியது. அதற்குள்ளாகவே பாதி மாற்றத்தைத் திருப்பிப் போட ஆரம்பித்திருந்தார்கள். விண்டோஸ் 8 கதையும் இதுதான். 2012 அக்டோபரில் ஸ்டார்ட் பட்டனைத் தூக்கினார்கள். மறு அக்டோபரில் 8.1 பதிப்பில் பட்டன் திரும்பியது, மெனு திரும்பவில்லை. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோதுதான் மெனுவும் வந்தது. பட்டனைத் தூக்க ஒரு நாள், முழுசாகத் திருப்பித் தர ஏறக்குறைய மூன்று வருஷம்.

டிக் என்ற செய்தித் தளம் 2010 ஆகஸ்டில் மாறியபோது பயனாளர்கள் மனு எழுதவில்லை. ரெடிட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். இரண்டே வருஷத்தில் அந்தத் தளம் அற்ப விலைக்குக் கைமாறியது. சத்தத்தைவிட, விட்டுப் போக முடியும் என்ற நிலைமைதான் காதில் விழுகிறது.

விட்டுப் போகவே முடியாத அரசுத் தளம் மாறினால்?
– வரி ஆலோசகர், மதுரை

2021-ஐ உங்களைவிட யார் நன்றாக அறிவார்கள்? வருமான வரித் தாக்கலுக்கான பழைய தளம் ஜூன் 1 முதல் 6 வரை மூடப்பட்டு, 7-ஆம் தேதி புதிய தளம் திறந்தது. மறுநாளே நிதியமைச்சர் அதை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தைப் பொதுவெளியில் குறிப்பிட்டுக் குறைகளைச் சரிசெய்யச் சொன்னார். ஆகஸ்ட் 23-ஆம் தேதி அந்நிறுவனத் தலைமை அதிகாரி டெல்லிக்கு வரவழைக்கப்பட்டார். ஜூலை 31-இலிருந்து ஏற்கெனவே செப்டம்பர் 30-க்குத் தள்ளிப்போயிருந்த தாக்கல் கெடு, பிறகு டிசம்பர் 31 ஆனது.

வேறு கடைக்குப் போகிற உரிமை இல்லாத இடத்தில், பழைய தளத்தையும் கூடவே ஓடவிடுவது சட்டக் கடமையாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டும் சில மாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். புதியது நன்றாக இருந்தால் மக்கள் தானாகவே நகர்வார்கள். தாக்கல் காலத்தின் நடுவில் கதவைப் பூட்டிச் சாவியை மாற்றுவது கூடவே கூடாது.

ஒரே திரையில் முழுப் பட்டியலும் தெரிந்தது. இப்போது நான்கு வரி, மீதி வெள்ளை.
– மருந்துக்கடைக்காரர், விருதுநகர்

செட்டிங்ஸில் ‘காம்பாக்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஜிமெயிலில்கூட இந்த நெருக்க அளவு மூன்று வகை உண்டு. இல்லையென்றால் பிரவுசரில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மைனஸைத் தட்டுங்கள்.

எழுத்தெல்லாம் வெளிறிய சாம்பல் நிறம். கண்ணாடியை மாற்றிப் பார்த்தும் தெரியவில்லை.
– சேமிப்பு முகவர், கும்பகோணம்

கண்ணாடிக்குச் செலவழித்தது போதும், அம்மா. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்று உலக அளவில் ஏற்கப்பட்ட இணைய அணுகல் நெறிமுறை இருக்கிறது. வெள்ளையில் வெளிர்சாம்பல் அந்த அளவுகோலில் தேறாது. புகார் எழுதும்போது ‘படிக்க முடியவில்லை’ என்பதோடு இந்த 4.5-ஐயும் எழுதுங்கள். ‘உங்கள் கண் சரியில்லை’ என்று அதற்குப் பிறகு யாரும் பதில் சொல்ல முடியாது.

தப்பு என்று தெரிந்த பிறகாவது பழையதைத் திருப்பித் தரலாமே, என்ன கஷ்டம்?
– மின்சாதனக் கடை உரிமையாளர், திருநெல்வேலி

திரைக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் கஷ்டம். சோனோஸ் என்ற ஸ்பீக்கர் நிறுவனம் 2024 மே மாதம் தன் ஆப்பை முழுசாகப் புதுப்பித்தது. ஸ்லீப் டைமர் இல்லை, பாட்டு வரிசையைத் திருத்த வழியில்லை, பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டும் வசதி சரியாக வேலை செய்யவில்லை. ஜூலையில் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். பழைய ஆப்பையே மறுபடி வெளியிடலாமா என்று ஆராய்ந்தார்கள். முடியாது என்று தெரிந்தது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் மென்பொருளும் நிறுவனத்தின் சர்வர்களும் அதற்குள் புதியதோடு பேசப் பழகிவிட்டிருந்தன. பழையதை ஒட்டினால் சிக்கல் இன்னும் கூடும். 2025 ஜனவரியில் அந்த அதிகாரி பதவி விலகினார். காசு கொடுத்து ஸ்பீக்கர் வாங்கி வீட்டில் மாட்டியவர்களுக்கோ, வாங்கும்போது இருந்த வசதி வாங்கிய பிறகு பறிபோயிருந்தது. உங்கள் கடையில் விற்ற மிக்ஸியின் ஜாரை நீங்கள் போய் எடுத்து வர முடியுமா?

குறை சொல்வது இருக்கட்டும், ஒழுங்காக மாற்றியதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள் பார்க்கலாம்.
– கணக்காளர், திருப்பூர்

உங்கள் மேஜையிலேயே இருக்கிறது. 2020-இல் டாலி ஈ.ஆர்.பி. 9 போய் டாலி பிரைம் வந்தது. திரை மாறியது, மெனு மாறியது. ஆனால் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று விரலுக்குத் தெரிந்த சாவிகளில் கை வைக்கவில்லை. ஆல்ட்டோடு ஜி அழுத்தினால் எங்கிருந்தும் எந்த ரிப்போர்ட்டுக்கும் தாவலாம் என்ற புதுவழியையும் சேர்த்தார்கள். கிரெடிட் நோட், டெபிட் நோட் சாவிகள் மாறியதற்குத் திருப்பூரில் திட்டு விழுந்திருக்கும், அந்தத் திட்டும் நியாயம்தான். மற்றபடி, கண்ணுக்குப் புதுசு, கைக்குப் பழசு என்பது நல்ல கணக்கு.

தமிழ் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவன் நான். “தமிழ்99-க்கு மாறுங்கள், அதுதான் அறிவியல்பூர்வமானது” என்கிறார்கள் இளைஞர்கள்.
– தட்டச்சர், திருச்சி

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த அந்த வரிசையில் உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். வேண்டிய இடத்தில் புள்ளி தானாகவே விழும். இன்று புதிதாகக் கற்பவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் விரல்களில் இருக்கும் வேகத்துக்கும் மதிப்பு உண்டு. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள் தமிழ்99, பழைய தட்டச்சு வரிசை, ஒலிவழி என்று எல்லாவற்றையும் தந்து, தேர்வை நம்மிடம் விட்டன. கோடிகளில் புரளும் நிறுவனங்களின் டேஷ்போர்டுகளுக்கு இலவசமாகக் கிடைத்த இந்தச் சின்ன மென்பொருள்களின் மரியாதை வர வேண்டும். நீங்கள் உங்கள் வரிசையிலேயே அடியுங்கள், ஐயா.

நான் டேஷ்போர்டு வடிவமைப்பவள். ராத்திரி பகலாக உழைத்து வெளியிட்டால் மிச்சம் வசவுதான். நாங்கள் என்னதான் செய்வது?
– மென்பொருள் வடிவமைப்பாளர், பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை

உங்கள் உழைப்பை யாரும் சந்தேகிக்கவில்லை, அம்மா. வெளியிடும் முன்பு ஒரு நாள், அதைப் பயன்படுத்தும் ஒருவரின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். பேசாதீர்கள், சொல்லித் தராதீர்கள். அவர் கை எங்கே போய் எங்கே தயங்கி நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தெரிவது எந்த மீட்டிங்கிலும் தெரியாது.

தேதியைப் பார்த்து வெளியிடுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்கிறவருக்கு ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதி கெடு, 3பி-க்கு 20-ஆம் தேதி. அதற்கு முந்தைய நாள்களில் கணக்காளரின் திரையைத் தொடுவது அவர் வயிற்றில் அடிப்பது. மார்ச் கடைசி வாரத்தை நினைக்கவே வேண்டாம்.

திரும்பும் வழியை மூடாதீர்கள். வேர்ட்பிரஸ் 2018 டிசம்பரில் புதிய எடிட்டரைக் கொண்டுவந்தபோது, பழையது வேண்டுவோருக்கு ‘கிளாசிக் எடிட்டர்’ என்று தனியாகக் கொடுத்தது. இன்றும் லட்சக்கணக்கான தளங்கள் அதை வைத்திருக்கின்றன. எத்தனை பேர் பழையதற்குத் திரும்புகிறார்கள் என்ற எண்ணிக்கை உங்கள் நிறுவனத்துக்குக் கிடைக்கும் மிக நேர்மையான மதிப்பெண். அதைப் பார்க்கப் பயந்துகொண்டு பழைய கதவை மூடுகிற மேலதிகாரி இருந்தால், நீங்கள்தான் எதிர்த்துப் பேச வேண்டும். அந்த அறையில் பயனாளரின் பக்கம் நிற்க உங்களை விட்டால் ஆளில்லை.

எங்கள் மகளிர் குழுவின் கணக்கை ஆன்லைனில் ஏற்றுவது என் பொறுப்பு. ஒவ்வொரு ஸ்டெப்பையும் நோட்டில் எழுதி வைத்துத்தான் செய்வேன். புது முகப்பு வந்த பிறகு நோட்டில் உள்ளது எதுவும் பொருந்தவில்லை. தூக்கிப் போட்டுவிடவா?
– குழுப் பொருளாளர், தர்மபுரி

போடாதீர்கள். ‘பிடிக்கவில்லை’ என்று எழுதும் புகார் குப்பைக்குப் போகும். ‘தவணை ஏற்ற முன்பு மூன்று இடத்தில் தட்டினேன், இப்போது ஏழு இடத்தில் தட்ட வேண்டியிருக்கிறது, ஐந்தாவது இடத்தில் திரும்பிப் போக வழியில்லை’ என்று எழுதும் புகாரைத் திருத்தாமல் இருக்க முடியாது. அந்த விவரம் முழுக்க உங்கள் நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது. செல்லாத வரிகளைச் சிவப்பு மையில் கோடிட்டு, பக்கத்தில் புதிய வழியை எழுதுங்கள். வழியே கிடைக்காத இடத்தைக் காலியாக விடுங்கள். அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து, தேதியும் போன் மாடலும் குறிப்பிட்டு உதவி மையத்துக்கு அனுப்புங்கள், ஒரு பிரதியை வட்டார ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். பக்கத்து ஊர்க் குழுக்களின் பொருளாளர்களுக்கும் காட்டுங்கள். அவர்களும் அதே ஐந்தாவது இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருப்பார்கள், நான்கைந்து குழு சேர்ந்து ஒரே கடிதமாக அனுப்பலாம்.